பேக் கியரில் பல் உடைந்தால்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பட்டறைகளில் பெல்ட்டில் ஓடும் பழைய லேத்துகள் இன்னும் உழைக்கின்றன. அரிசி ஆலை ஷாஃப்டும் படகு ஷாஃப்டும் அவற்றில் கடைசலுக்கு வருகின்றன. இப்படியான மிஷினில் கியர்ப் பல் போய்விட்டதென்று கூப்பிட்டால் முதலில் பேக் கியரை, அதாவது ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டை மெதுவாக ஓட்டும் கியர்களைத்தான் பார்ப்பேன். "பழசுதானே, தேஞ்சு போச்சு" என்பார்கள். தேய்ந்த பல் மெலிந்து, சத்தம் போட்டு, நாள் எடுத்துத்தான் போகும். தடிப்பான பற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் அடியோடு முறிந்திருந்தால், யாரோ அடித்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: வேலைத் துண்டைப் பிடிக்கும் சக், ஸ்பிண்டிலின் புரியில் கழற்ற முடியாமல் இறுகியிருக்கும். பெரிய கியரைப் புல்லியோடு பிணைக்கும் பின்னை எடுக்காமலே பேக் கியரையும் போட்டால் ஸ்பிண்டில் பூட்டிக்கொள்ளும். பிறகு சக்கில் நீளக் கம்பியைப் பிடித்துச் சுத்தியலால் ஓர் அடி. அதை முழுதாக வாங்குவது ஒரேயொரு வார்ப்பிரும்புப் பல். வேலை பழகும் தம்பிமாருக்கு இந்த வழியைத் தயவுசெய்து காட்டாதீர்கள்.

இறுகிய சக்கைக் கழற்ற, முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பேக் கியரை விலக்கிவிட்டு, சக்கின் புரியில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். லேத்தின் பின்பக்கத் தண்டவாளத்துக்கும் சக்கின் தாடைக்கும் இடையில் முதிரைக் கட்டை ஒன்றை வைத்து, பெல்ட்டைக் கையால் பின்னோக்கி வெடுக்கென்று இழுத்தால் தாடை கட்டையில் மோதிப் புரி இளகும்.

சரி, உடைந்த பல்லுக்கு வருவோம். சாதாரண வெல்டிங் கம்பியால் நிரப்புவது பலரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒட்டின ஓரம் அரம் ஏறாத அளவுக்கு இறுகி, பக்கத்திலேயே வெடிப்பு விடும். முறிந்த இடத்தில் அடி அகலமாக, மேல் ஒடுக்கமாக ஒரு காடி வெட்டி, அதில் இரும்புத் துண்டை இறுக்கமாகச் செருகி, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டுவதுதான் (பிரேசிங்) நம்பத்தக்கது. பித்தளை 900 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். வார்ப்பிரும்புக்கு 1150 வேண்டும். ஆகவே கியரின் உடல் உருகாது.

அதற்கு முன் கியரின் துளைக்குள் இருக்கும் புஷ்ஷை (உள்வளையத்தை) கழற்றுங்கள். வார்ப்பிரும்பு எண்ணெய் குடித்திருக்கும். சூடாக்கி அதை வெளியேற்றி, பளபளப்பு வரும்வரை அராவி, வெங்காரம் தூவுங்கள். கியர் முழுவதையும் மெதுவாகச் சூடேற்றிய பிறகுதான் பித்தளையை ஓடவிட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாமல், ஆலையிலிருந்து எடுத்த காய்ந்த உமிச்சாம்பலில் மறுநாள் வரை புதைத்து வையுங்கள். இந்த ஒரு இரவுக்குப் பொறுமை இல்லாமல் வெடித்த கியர்கள் நிறைய. பித்தளையிலிருந்து வரும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. அது காய்ச்சல் வரவைக்கும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

நல்ல பல் ஒன்றுக்குத் தகட்டில் அச்சு வெட்டி, அதை வைத்துப் பார்த்துப் பார்த்துப் புதுப் பல்லை அராவுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் இறுகக் கூடாது.

மூன்று நான்கு பல் சேர்ந்து போயிருந்தால் புதுக் கியர் வெட்டுவதுதான் சரி. அப்போது அளவைக் கவனியுங்கள். 40 பல் கியரின் வெளி விட்டம் 84 மி.மீ. என்றால் அது மாடியூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு) 2. பிரிட்டிஷ் மிஷினின் 12 டிபி (அங்குலக் கணக்கில் பல்லின் அளவு) கியரோ, அதே 40 பல்லுக்கு 88.9 மி.மீ. வரும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த, அளவு மாறிய கியர் பார்வைக்குப் பொருந்தும். மாட்டி ஓட்டினால் பக்கத்துக் கியரையும் தின்றுவிடும்.