இரண்டு செயற்கைக்கோள் படங்களை அருகருகே வைப்பதற்கு முன்

ஓர் ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டதாகக் காட்டும் இரண்டு செயற்கைக்கோள் படங்கள் மீண்டும் என் மேசைக்கு வந்தன. இடப்பக்கப் படத்தில் கரை தொட்ட நீர், வலப்பக்கப் படத்தில் காய்ந்த தரை. அந்த ஏரியைக் காக்கப் போராடுவோர் இவற்றை மனுவுடன் இணைத்திருந்தார்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு படங்களின் தேதியைக் கேட்டதும் மனு வலுவிழந்தது. முதல் படம் மழைக்காலம் முடிந்த கையோடும், இரண்டாவது படம் கோடையின் உச்சத்திலும் எடுக்கப்பட்டவை. ஏரியின் ஒரு கரையில் மண் கொட்டி மேடாக்கியிருந்தது உண்மை என்பதும், ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிட்டிருந்தால் அது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்கும் என்பதும்தான் இதில் பெரிய வேதனை. நியாயமான புகார்கள் இப்படித் தோற்பதை, செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையில் அடிக்கடி பார்க்க நேர்வதால் இதை எழுதுகிறேன்.

கூகுள் எர்த் போன்ற செயலிகளில் நாம் காண்பது நேரலைக் காட்சி அன்று. ஒரே நாளில் எடுத்த ஒற்றைப் படமும் அன்று. வெவ்வேறு நாட்களில் செயற்கைக்கோள்களும் விமானங்களும் எடுத்தவற்றிலிருந்து மேகமில்லாத பகுதிகளைத் தேர்ந்து, நிறத்தைச் சீராக்கி ஒட்டிய தொகுப்பு அது. ஒரே ஊரின் கிழக்குப் பாதி ஓர் ஆண்டையும் மேற்குப் பாதி வேறோர் ஆண்டையும் சேர்ந்ததாக இருக்கலாம். திரையின் ஓரத்தில் தெரியும் பதிப்புரிமை ஆண்டு, படம் எடுத்த ஆண்டு அன்று. இதை எத்தனை முறை சொன்னாலும், அந்த ஆண்டையே படத்தின் கீழே எழுதி அனுப்புகிறார்கள்.

அடுத்த தவறான நம்பிக்கை, படம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உறுதியான சான்று என்பது. 2014-இல் ஏவப்பட்ட வேர்ல்டுவியூ-3 செயற்கைக்கோள் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் சுமார் 31 சென்டிமீட்டர். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் படத்திலோ 30 மீட்டர். லேண்ட்சாட்டின் ஒரு பிக்சலுக்குள் முன்னதன் பிக்சல்கள் 9,000-க்கும் மேல் அடங்கும். ஆயினும் கூர்மையான படங்கள் பெரும்பாலும் தேவைக்கேற்ப, வெவ்வேறு சாய்கோணங்களில் எடுக்கப்படுகின்றன. ஒரு படத்தில் கிழக்கே சாய்ந்து தெரியும் கட்டடம் மற்றொன்றில் மேற்கே சாய்ந்து தெரியும்; நிழலின் நீளமும் சூரியனின் உயரத்துக்கேற்ப மாறும். இரு படங்களும் தரையில் சில மீட்டர் விலகிப் பொருந்தினாலே சாலையோரமும் வரப்போரமும் முழுக்க இல்லாத மாற்றங்கள் முளைத்துவிடும். கூர்மை கூடக்கூட இந்தப் பிழைகளும் கூர்மையாகத் தெரிகின்றன.

லேண்ட்சாட் வரிசை 1972 முதலும், அதன் 30 மீட்டர் படங்கள் 1982 முதலும் கிடைக்கின்றன. 2008 முதல் அவற்றுக்குக் கட்டணமில்லை. 30 மீட்டர் படம் எடுக்கும் ஒவ்வொரு லேண்ட்சாட்டும் 16 நாட்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ அதே நேரத்தில், அதே இடத்தின் மேல் கடந்து செல்கிறது. நீர்ப்பரப்பு முப்பது ஆண்டுகளில் குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த மங்கலான வரிசையே தக்க சாட்சி. மண் எந்த மூலையில் கொட்டப்பட்டது என்பதைக் காட்டத்தான் கூர்மையான படம் வேண்டும்.

காடுகளுக்கும் இது பொருந்தும். இலையுதிர் காட்டை வறண்ட மாதத்தில் பார்த்துவிட்டுக் காடு அழிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டைத் தாமே கணக்கிடுவோருக்கு இன்னொன்று: ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் செயலாக்கம் 2022 ஜனவரி 25-இல் மாறியது, அதன் பின் பிக்சல் எண்களுடன் 1,000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் கணக்கிட்டால், ஒரு மரம்கூட வெட்டப்படாத இடத்திலும் பசுமை குறைந்ததாகவே விடை வரும். சில தளங்கள் இதைத் தாமே திருத்தித் தருகின்றன. உங்கள் தளம் திருத்துகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது ஒரே செயற்கைக்கோள், ஒரே மாதம் என்பதை விடாதீர்கள். ஒரு ஜோடிப் படங்களோடு நிறுத்தாமல், இருபுறமும் சில ஆண்டுகளை எடுத்து, அந்த ஆண்டுகளின் மழையளவோடு சேர்த்துப் பாருங்கள். பாலம், சாலைச் சந்திப்பு போன்ற நகராத பொருட்கள் இரு படங்களிலும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். மேகத்தின் நிழலைக் குளமென்று எண்ணாதீர்கள். மேகமூட்டம் விலகாத மாதங்களுக்கு ரேடார் படங்கள் உதவும். பரப்பளவைச் சொன்னால் பிழை வரம்பையும் சொல்லுங்கள். கரையோரப் பிக்சலில் பாதி நீர், பாதி நிலம். படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். இல்லாத விவரத்தை அவை கற்பித்து நிரப்பிவிடும். முடிந்தால் நேரில் சென்று, இருப்பிடக் குறிப்போடு தரையிலிருந்து படம் எடுத்துவிடுங்கள்.

தேதி இல்லாத படங்களை ஏற்கெனவே மனுவில் இணைத்திருப்போரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்: விசாரணை நாள் வருவதற்குள் அவற்றை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது. படத்தின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, மூலக் கோப்பையும் அதனுடன் வரும் விவரக் கோப்பையும் சேர்த்துத் தாருங்கள். எடுத்த நாள், நேரம், சூரியக் கோணம் எல்லாம் அந்த விவரக் கோப்பில்தான் இருக்கின்றன.