அலையும் குளிரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஜனவரி மாதக் காலை. காற்று 4 டிகிரி, கடல் 8 டிகிரி. ஊரை ஒட்டிய கடற்கரையின் கார் நிறுத்துமிடத்தில் நாலைந்து பேர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கறுப்பு ரப்பர் உடைக்குள் தங்களைத் திணித்துக்கொண்டிருக்கிறார்கள். கையுறை, காலுறை, தலைமூடி எல்லாம் மாட்டி முடித்தால் வெளியே தெரிவது முகம் மட்டும்தான். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலில் இறங்கிவிடுகிறார்கள். நாயோடு நடக்க வந்தவர்களுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனம். வெயில் காலத்தில் வரக் கூடாதா?

வரலாம். அப்போது அலை வர வேண்டுமே!

பலகையில் நின்று அலை ஏறும் சர்ஃபிங் என்றதும் தென்னை மரமும் வெதுவெதுப்பான நீலக் கடலும்தான் மனதில் வரும். ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச், ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள தர்சோ, அயர்லாந்தின் பண்டோரன் என்று பேர்பெற்ற அலைகள் பல, பல்லைக் கிடுகிடுக்க வைக்கும் தண்ணீரில்தான் உடைகின்றன. இது தற்செயலாக அமைந்தது அல்ல.

அலை கரையில் பிறப்பதில்லை. எங்கோ நடுக்கடலில் புயல் ஒன்று சில நூறு கிலோமீட்டர் பரப்பில் ஒன்றிரண்டு நாள் விடாமல் வீசினால் கடல் கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பு புயலை விட்டு வெளியேறிப் பயணம் போகும்போதுதான் ஒழுங்காகிறது. இரண்டு அலை முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு வேகமாக அந்த அலை ஓடும். நீண்டவை முன்னே போக, குட்டையானவை பின்தங்க, கூட்டம் தானாகவே தரம் பிரிந்துவிடுகிறது. இப்படி வரிசை கட்டி வரும் நெடிய அலைகளைத்தான் சர்ஃபர்கள் ‘ஸ்வெல்’ என்கிறார்கள்.

கணக்கு எளிது. ஆழ்கடலில் இந்த இடைவெளி நேரத்தை 1.56-ஆல் பெருக்கினால் அலையின் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 16 வினாடி அலை என்றால் சுமார் 25 மீட்டர். ஆனால் அலைக் கூட்டமும் அது சுமக்கும் ஆற்றலும் இதில் பாதி வேகத்தில்தான் நகரும். அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். 2000 கிலோமீட்டர் தள்ளி வீசிய புயலின் அலை கரைக்கு வர இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1963-இல் அண்டார்டிகா பக்கத்துப் புயல்களில் கிளம்பிய அலைகளை பசிபிக் கடல் முழுக்கத் தொடர்ந்து அளந்து, அலாஸ்கா வரை வந்து சேர்வதைக் கண்டார்கள். அலை அவ்வளவு சிக்கனமான பயணி.

சரி, இதில் குளிர் எங்கே வருகிறது? குளிர்காலத்தில் துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு கூடும். புயல்களுக்குத் தீனி அதுதான். நடு அட்சரேகைகளில் அந்தப் புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால், மேற்குப் பார்த்த கரைகளுக்குக் கொண்டாட்டம். கிழக்குக் கரைகளிலோ புயல் பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடும். கடல் தன் பங்குக்கு மந்தமான பாத்திரம். மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். வட அரைக்கோளத்தில் பகல் மிகக் குறுகியது டிசம்பரில். கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பல இடங்களில் பிப்ரவரியிலும் மார்ச்சிலும். புயல் பருவம் இன்னும் முடிந்திருக்காது. அலையும் குளிரும் கைகோத்து வரும் காலம் அது.

சில கரைகளில் கோடையிலும் இந்தக் குளிரிலிருந்து தப்ப முடியாது. கலிஃபோர்னியாவில் வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும். காற்று தெற்கே தள்ளினால் தண்ணீரும் தெற்கே போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் மேல்நீர் ஒட்டுமொத்தமாகக் காற்றுத் திசைக்கு வலப்புறம் விலகுகிறது. இங்கே வலப்புறம் என்றால் நடுக்கடல். மேல்நீர் கரையை விட்டு விலக, காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. ஆர்க்டிக் பனிப்பாளங்கள் காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்குவதை நார்வேயின் துருவப் பயணி நான்சென் கவனித்துச் சொல்ல, அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கடலியலாளர் எக்மன். பெரு, நமீபியா, போர்ச்சுகல் கரைகளிலும் இதே கதைதான். ஓஷன் பீச்சில் நல்ல கோடையிலும் நீர் 15 டிகிரியைத் தாண்டத் தயங்கும். ஏறக்குறைய அதே அட்சரேகையில், கண்டத்தின் மறுகரையில் உள்ள வர்ஜீனியாவில் அப்போது மக்கள் சாதாரண நீச்சல் உடையில் மிதந்துகொண்டிருப்பார்கள்.

அலை கரையை நெருங்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 16 வினாடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். அதில் பாதி, அதாவது 200 மீட்டர் ஆழத்திலேயே அது கடலடியை உணரத் தொடங்கும். ஆழம் குறையக் குறைய வேகம் தளரும், உயரம் கூடும். ஆழம் அலை உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்குக்கு இறங்கும்போது முகடு முன்னால் சாய்ந்து உடைகிறது. மணல் கடற்கரையில் அந்த இடத்தைத் தீர்மானிப்பது நீருக்கடியில் கிடக்கும் மணல் திட்டு. குளிர்காலப் புயல் கரை மணலை வாரிக்கொண்டு போய்த் திட்டாகக் குவிக்கும். கோடையின் சிற்றலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும். ஊர்க் கடற்கரைகளில் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி சர்ஃபர்கள் கும்பலாக நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சுவர் ஓரத்தில் மணல் கொஞ்சம் நிலையாக நிற்கும். அங்கே வெளிநோக்கி ஓடும் நீரோட்டமும் இருக்கும். குளிப்பவருக்கு எமன், பலகையோடு உள்ளே போகிறவருக்கு இலவச வண்டி.

குளிர்நீர் சர்ஃபர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: குளிர்ந்த தண்ணீர் கனமானது, அதனால் அலை அடித்தால் அதிகம் வலிக்கும். அளந்து பார்த்தால் 10 டிகிரிக் கடல்நீருக்கும் 28 டிகிரிக் கடல்நீருக்கும் அடர்த்தியில் அரை சதவீதம்தான் வித்தியாசம். அதை உடம்பு உணர வழியில்லை. வலிக்கிறது என்றால் அங்கே உடைவது பெரும்பாலும் பெரிய அலையாக இருக்கும், அல்லது விறைத்துப்போன தோலுக்கு எல்லாமே வலிக்கும். இருந்தாலும் இந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை.

இனி உடம்பு. பழகாத ஒருவர் 8 டிகிரி நீரில் திடீரென்று விழுந்தால் முதலில் வருவது உறைதல் அல்ல, மூச்சுத் திணறல். தோலின் குளிர் உணரிகள் ஒரே நேரத்தில் அலறுகின்றன; நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறோம்; அடுத்து மூச்சு தாறுமாறாக ஓடும், இதயம் படபடக்கும். அந்த முதல் மூச்சின்போது வாய் நீருக்கடியில் இருந்தால் கதை அங்கேயே முடியலாம். முதல் நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்துவிடும். ஐந்தாறு முறை சிறிது நேரம் குளிர்நீரில் இறங்கிப் பழகினாலே இந்த அதிர்ச்சி கணிசமாகக் குறைகிறது என்பது ஆறுதலான செய்தி. உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே கைகால் தசைகள் வேலைநிறுத்தம் செய்துவிடும் என்பதுதான் உண்மையான சிக்கல்.

வெட்சூட் என்ற அந்தக் கறுப்பு ரப்பர் உடை இல்லாத காலத்திலும் ஆட்கள் இறங்கத்தான் செய்தார்கள். 1885-இல் ஹவாய் இளவரசர்கள் மூவர் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில், செம்மரப் பலகைகளில் அலை ஏறினார்கள். பிற்காலத்தில் சிலர் கம்பளிச் சட்டையோடு இறங்கிப் பார்த்தார்கள். நனைந்த கம்பளி எவ்வளவு தாங்கும்?

1950-களின் தொடக்கத்தில், பெர்க்லியின் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கடற்படை முக்குளிப்பவர்களுக்கான உடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அதுவரை எல்லோரும் நீர் புகாத உடை செய்யத்தான் பாடுபட்டார்கள். ஒரு கிழிசல் விழுந்தால் போச்சு. பிராட்னர் கேட்டது வேறு கேள்வி: உடம்பு நனைந்தால் என்ன? வெப்பத்தைத் தடுப்பது துணியின் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி என்றால், தோல் ஈரமாக இருப்பதில் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குமிழி பொதிந்த நியோப்ரீன் ரப்பர் அந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது. 1952-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சர்ஃப் கடை திறந்த ஜாக் ஓ'நீல் இந்த உடையைச் சர்ஃபர்களிடையே பிரபலமாக்கினார்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை ஒழித்துக்கட்ட வேண்டும். ‘உடைக்கும் தோலுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் நீரை உடம்பு சூடாக்குகிறது, அந்தச் சூடான நீர்தான் நம்மைக் காக்கிறது’ என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் கிழிந்துவிடும். நீர் காற்றைப் போல் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நியோப்ரீன் நுரையோ நீரைப் போல் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கடத்துகிறது. 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் தரும் தடையோடு ஒப்பிட்டால், 1 மில்லிமீட்டர் நீர்ப்படலம் தருவது அறுபதில் ஒரு பங்கு. ஆக, நீர் காவல்காரன் அல்ல. வாடகை தராமல் உள்ளே குந்தியிருக்கும் விருந்தாளி.

அந்த விருந்தாளிக்கு ஆகும் செலவையும் பார்க்கலாம். உடம்பு முழுக்க 1 மில்லிமீட்டர் நீர்ப்படலம் என்றால் கிட்டத்தட்ட 1.8 லிட்டர். அதை 10 டிகிரியிலிருந்து 30-க்குச் சூடாக்க சுமார் 150 கிலோஜூல் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு வினாடிக்கு 100 ஜூல் வெப்பம்தான் தரும். அப்படியென்றால் 25 நிமிட உழைப்பு! அலைக்குள் முங்கி எழும்போது கழுத்து வழியாகக் குளிர்நீர் புகுந்து பழையதை அடித்துக்கொண்டு போனால் அத்தனையும் வீண். உடை தோலோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், தையல்களை ஒட்டி அடைக்க வேண்டும் என்று கறாராக இருப்பது இதனால்தான். தொளதொளப்பான விலையுயர்ந்த உடையைவிட, கச்சிதமாகப் பொருந்தும் மலிவான உடை மேல்.

நியோப்ரீன் வழியாகவும் வெப்பம் போகத்தான் செய்கிறது. 5 மில்லிமீட்டர் உடையில், தோலுக்கும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்து, முழு உடம்பும் நீருக்குள் இருந்தால், இழப்பு சுமார் 360 வாட். துடுப்பாகக் கையை வீசி நீந்தும்போது தசைகள் அதை ஈடுகட்டிவிடும். அலைக்காகப் பலகை மேல் உட்கார்ந்து காத்திருக்கும்போது வரவுக்கு மேல் செலவு. குளிர்நீரில் யாரும் சும்மா உட்காராமல் அங்கும் இங்கும் துடுப்பு போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். தடிமனைக் கூட்டினால் தீராதா என்றால், தோள் மடங்காது, மிதப்பும் கூடும். அலைக்கு அடியில் பலகையோடு முங்குவது பெரும்பாடாகிவிடும். நெஞ்சுக்கு 5, கைக்கு 4 என்று கலந்து தைப்பது ஒரு சமரசம்.

சிறுநீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேட்காமலே எல்லோரும் யோசிக்கும் விஷயம். குளிரில் தோலோர ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்தம் நடுவுடம்பில் சேர்கிறது. நீர் கூடிவிட்டது என்று உடம்பு நினைத்துச் சிறுநீரகத்தைத் திறந்துவிடுகிறது. உடைக்குள் விட்டால் ஒரு நிமிடம் சுகம். ஆனால் அது ஏற்கெனவே உடம்புக்குள் இருந்த வெப்பம்தான். ஒரு பைசா வரவு கிடையாது.

காதுக்கு வேறு விதமான தண்டனை. ஆண்டுக்கணக்கில் குளிர்நீரும் காற்றும் பட்டால் காதுக் குழாயின் எலும்பு உள்நோக்கி மெல்ல வளர்ந்து வழியை அடைக்கத் தொடங்கும். மருத்துவர்கள் ‘சர்ஃபர் காது’ என்கிறார்கள். முற்றினால் அறுவை சிகிச்சைதான். காதடைப்பானும் தலைமூடியும் போட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். மூடி இல்லாமல் இறங்குகிறவர்களின் நெற்றியில் ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கியது போன்ற வலி சுருக்கென்று ஏறும். முங்கும் ஒவ்வொரு முறையும்.

பலகையில் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் மெழுகுக்குக்கூட இந்தக் குளிரில் தனி வகை உண்டு. வெப்பக் கடலுக்கானது கெட்டியாக இருக்கும். குளிர்நீரில் அது கல்லாகிவிடும். குளிருக்கானது மிருதுவானது. வெயிலில் காருக்குள் மறந்து வைத்துவிட்டால் இருக்கைதான் வழுக்காது.

ஒருவழியாகக் கரையேறியதும் தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் ஈர உடை மேல் காற்று வீசி ஆவியாகும் நீர் இன்னும் வெப்பத்தைப் பிடுங்குகிறது. வெளித்தோலின் குளிர் உள்நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதால், நீரை விட்டு வந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் ஒரு முழு அங்கிக்குள் ஒளிந்துகொண்டு வெடவெடத்தபடி உடை கழற்றுகிறவர்கள், கடலில் இருந்ததைவிடக் குளிர்ந்துபோய் நிற்பது அப்போதுதான். விரல்கள் ஜிப்பின் நுனியைப் பிடிக்க மறுக்கும். கார் சாவி கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.