பாமினியில் அடித்த குறிஞ்சிப் பாட்டு

போன வாரம் கேரளத்தில் தேவிகுளம் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கு, எங்கள் பி.எட். மாணவியின் பயிற்சி வகுப்பைப் பார்க்கப் போனேன். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, ஆசையாகத் தயாரித்து வந்திருந்தார். பென்டிரைவைப் பள்ளி லேப்டாப்பில் செருகினால், திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பிள்ளைகள் சிரிக்க, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருடம் இது நான்காவது முறை.

"இதுல பாமினி இல்ல டீச்சர், போட்டா சரியாயிடும்" என்றார்.

சரியாகாது அம்மா. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அதன்மேல் எழுத்துரு தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துருவைப் போட்டால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) 'குறிஞ்சி' என்று தேடினால் ஒன்றும் வராது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் கலைத்துப் போடும். பார்வையற்ற பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஜே, கே என்று உளறும். பிடிஎஃப் ஆக்கினாலும் இதே கதிதான். ஒருங்குறியில் 'த'வுக்கு எந்தக் கணினியிலும் எந்த ஃபோனிலும் ஒரே எண்.

தட்டச்சுதானே, கணினி ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பாட்டில் கருங்கோற் குறிஞ்சி வருகிறது, அதன் பூவிலிருந்து தேன் வருகிறது. மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கையும் தேனீயையும் உயிரியல் ஆசிரியரோடு சேர்ந்து எடுக்கலாம். பூத்த சரிவுகளைச் சமூக அறிவியல் வகுப்பில் வரைபடத்தில் குறிக்கலாம். எஸ்டேட் லயங்களில் இருக்கும் பாட்டிமார் சொல்வதைப் பிள்ளைகள் ஃபோனில் பதிந்து, கேட்டு எழுதி, அட்டவணையில் ஏற்றலாம். மூன்று ஆசிரியர்களும் தேடி எடுக்கக்கூடிய தமிழாக அது இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

ஒருங்குறியில் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள், தினம் அரைமணி போதும். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள், ஒற்று விழுந்திருக்கும். கேரள அரசுப் பள்ளிகளில் இருப்பது அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் லினக்ஸ் இயங்குதளம், உங்கள் வீட்டு விண்டோஸ் இல்லை. அதனால் முந்தின நாளே பள்ளிக் கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சக பேராசிரியர்களுக்கு ஒன்று. அந்தப் பெண் பாமினியை எங்கே பழகினார்? நாம் தந்த குறிப்புகளில்தான். இந்த விடுமுறையிலாவது அவற்றை மாற்றிக் கொடுங்கள், தயவுசெய்து.