ஷட்டவுன் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி போன மாதம் என்னைத் தேடி வந்தார். கட்டாரில் மூன்று மாத ஷட்டவுன் வேலை, அதாவது மிசினை நிப்பாட்டி வைத்துச் செய்யும் பராமரிப்பு, ஃபிட்டருக்கு ஹெல்பர், இடம் ஒரு கேஸ் மின்நிலையம். உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். பேச்சின் நடுவே, "மிசின் நிப்பாட்டித்தானே கிடக்கும் அண்ணன், ஓடுற நேரம்தானே பயம்" என்றார். 2006இல் மட்டக்களப்பில் இருந்து புறப்பட்டபோது நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். பதினாறு வருடம் அந்த மிசின்களைக் கழற்றிப் பூட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓடும் நேரம் யாரும் பக்கத்தில் போவதில்லை. நிப்பாட்டிய பிறகுதான் நூற்றுக்கணக்கானோர் உள்ளே இறங்குகிறோம். நான் கண்ட விபத்துகள் எல்லாம் அப்போது நடந்தவைதான்.

முதலில் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம். கேஸ் டர்பைன் என்பது விமான எஞ்சினின் உறவுக்காரன். காற்றை உறிஞ்சி அமுக்கி, அதில் எரிவாயுவைக் கொளுத்தி, அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும். வெளியே வரும் புகையின் சூடு 600 பாகைக்குக் கிட்ட இருக்கும். அதை வானத்துக்கு விட்டுவிட்டால் எரித்த வாயுவில் 35, 40 சதவீதம்தான் மின்சாரமாகும். கம்பைன்ட் சைக்கிள் நிலையத்தில் அந்தப் புகையை மாடி வீடு உயரமுள்ள ஒரு பொயிலருக்குள் விட்டு நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி இன்னொரு டர்பைனைச் சுற்றும். ஒரு சொட்டு எரிபொருளும் கூடுதலாக இல்லாமல் கணக்கு 55, 60 சதவீதத்துக்கு ஏறிவிடும். இலங்கையில் களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியவிலும் இந்த வகை நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணெயில் ஓடியவை. நம் பக்கத்தில் மின்நிலையம் என்றால் இங்கினியாகலை நீர்மின்சாரம்தான் நினைவுக்கு வரும். அதனால் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்து வந்த பிள்ளைகள்கூட இந்த மிசினை முதன்முதலில் காண்பது வளைகுடாவில்தான்.

சரி, நிப்பாட்டியாயிற்று. அப்புறமும் டர்பைன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சூடான தண்டு அசையாமல் கிடந்தால் தன் பாரத்திலேயே வளைந்துவிடும் என்பதால், சிறு மோட்டர் ஒன்று அதை மணிக்கணக்கில், சில நேரம் ஒரு நாளுக்கு மேலும், மெதுவாக உருட்டும். சத்தமே இருக்காது. பொயிலர் குழாய்களில் அழுத்தம் இறங்கவும் நேரம் எடுக்கும். அதிஅழுத்த நீராவி கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாம் வெள்ளையாகக் காண்பது ஆறிய பிறகு வரும் துளிகளைத்தான். சத்தம் கேட்கிறது, புகை காணவில்லை என்றால் கையை நீட்டித் தேடாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள்.

இவற்றையாவது ஒருவர் யோசித்துக் கண்டுபிடிக்கலாம். மிசினைக் காப்பாற்ற வைத்திருக்கும் வாயுக்கள்தான் ஆளைக் கொல்லும், அதை யாரும் யோசிப்பதில்லை.

கேஸ் டர்பைனைச் சுற்றி ஒரு கூடு இருக்கும். உள்ளே தீப்பிடித்தால் அந்தக் கூட்டை காபனீரொட்சைட்டால் நிரப்பிவிடுவார்கள். நெருப்பு மூச்சுமுட்டிச் செத்துவிடும். உள்ளே மனிதன் நின்றால் அவனுக்கும் அதே கதி. பத்து சதவீதத்துக்கு மேல் போனால் ஓரிரு நிமிடத்தில் நினைவு தப்பும். ஆள் நுழையும் முன் அந்த வாயுவின் வால்வை மூடிப் பூட்ட வேண்டும் என்பது விதி. என் முதல் ஷட்டவுனில் வேலை முடிந்து பெர்மிட்டையும், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டையும், மூடிய பிறகு, டோர்ச்சை உள்ளே விட்டது நினைவு வந்து கதவைத் திறந்துவிட்டேன். வால்வை அதற்குள் திறந்து வைத்திருந்தார்கள். எங்கள் ஃபோர்மன், தூத்துக்குடிக்காரர், பின்னால் இருந்து சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார். "உள்ள காலை வைக்காதீங்க தம்பி, கேஸ் ஓட்டோவில கிடக்கு" என்று கதவுக்கு மேலே எரிந்த விளக்கைக் காட்டினார். ஓட்டோ என்றால் வாயு தானாகவே பாயத் தயாராக இருக்கும் நிலை. அந்த விளக்கு எதற்கென்று அதுவரை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் டோர்ச்சை எடுத்தால் அந்தப் பிடி கழுத்தில் தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டையில் மாட்டிவிடும் நான்கு வாயு மீட்டர் ஒட்சிசன், எரியும் வாயு, காபனோரொட்சைட்டு (எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயு), ஐதரசன் சல்பைட்டு ஆகியவற்றைத்தான் பார்க்கும். காபனீரொட்சைட்டைப் பார்க்காது. காற்றில் அது ஐந்து சதவீதம் கலந்தாலும் ஒட்சிசன் 20.9இல் இருந்து 19.9 அளவுக்குத்தான் இறங்கும். மீட்டர் கத்துவது 19.5இல். மீட்டர் பேசாமல் இருக்கும்போதே தலை இடிக்கத் தொடங்கிவிடும்.

பொயிலரை நீண்ட நாள் நிறுத்தி வைப்பதென்றால் குழாய்களும் டிரம்மும் (நீரும் நீராவியும் நிற்கும் பெரிய உருளை) துருப்பிடிக்காமலிருக்க நைதரசன் அடைப்பார்கள். நிறமில்லை, மணமில்லை, மூச்சுத் திணறலும் வராது. நாம் சுவாசிப்பதில் பெரும்பங்கு நைதரசன்தானே, உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. டிரம்மின் வாயிலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தவர்கள்கூட அப்படியே விழுந்துவிடுவார்கள். பெரிய ஜெனரேட்டர்களைக் குளிரவைக்க ஐதரசன் ஓடும். அது எரிந்தால் பகலில் சுடரே தெரியாது.

எரிவாயு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மிடில்டவுன் என்ற ஊரில் 620 மெகாவொட் கம்பைன்ட் சைக்கிள் நிலையம் ஒன்று கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. எரிவாயுக் குழாய்க்குள் வெல்டிங் துணுக்குகள் கிடந்தால் டர்பைன் இலைகள் சிதையும் என்று குழாயை ஊதிச் சுத்தம் செய்தார்கள். ஊதியது காற்றால் அல்ல, அதே எரிவாயுவால். 2010 பெப்ரவரி 7ஆம் திகதி, கட்டடங்களுக்கு நடுவே வெளியேறி நின்ற வாயு பற்றிக்கொண்டது. 6 தொழிலாளர்கள் இறந்தார்கள், ஏறத்தாழ 50 பேர் காயப்பட்டார்கள். மிசின் ஒருநாள்கூட மின்சாரம் தரத் தொடங்கியிருக்கவில்லை. எரிவாயுவால் ஊதும் வழக்கத்தையே நிறுத்தச் சொன்னது விசாரணை. எரிவாயுவில் பெரும்பங்கு மெதேன்தான், அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அதற்குத்தான் டர்பைனைப் பற்றவைக்கும் முன் பொயிலர் வரை உள்ள வெளி முழுவதையும் பலமுறை காற்றடித்துக் கழுவுகிறார்கள், அதுதான் பர்ஜ். 'பர்ஜ் நடக்கிறது, தள்ளி நில்' என்றால் தள்ளி நில்லுங்கள்.

நம் பிள்ளைகளிடம் எனக்குக் கவலையளிப்பது வாய் திறந்து கேட்காததுதான். ஏஜென்சிக்குக் கட்டிய காசு வட்டியில் எடுத்தது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பெர்மிட் ஆங்கிலத்தில் இருக்கும், மற்றவன் கையெழுத்துப் போட்டால் தானும் போடுவார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் தம்பிமாரே. இன்று கேஸ் டெஸ்ட் எடுத்தது எத்தனை மணிக்கு, வால்வும் பிரேக்கரும் பூட்டியதைக் கண்ணால் காட்டுவீர்களா, வாசலில் காவல் நிற்பது யார் என்று உடைந்த ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ கேளுங்கள். அந்த வால்விலும் பிரேக்கரிலும் மற்றவர்களின் பூட்டோடு உங்கள் பூட்டும் தொங்கட்டும், திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் போய் வந்தால் டெஸ்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட ஹெல்பரை நல்ல ஃபோர்மன் விரட்டமாட்டார்.

உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னால் பாயவும் கூடாது. சொல்வது லேசு, கூட வந்த கூட்டாளி கண்முன்னே கிடக்கும்போது நிற்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எழுதியிருக்கிறது. சைரனை அழுத்துங்கள், மூச்சுக்கருவியோடு வருபவர்களுக்கு வழியை விடுங்கள்.

வெளிநாடு போகாதவர்களுக்கும் இது வேண்டும். படுவான்கரைப் பக்கம் கோடையில் தண்ணீர் கீழே இறங்கியதும் பெற்றோல் வாட்டர் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, பலகையில் வைத்து ஓட்டுகிறோம். அதன் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது, கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லை. பம்ப் நின்ற பிறகு என்ன கோளாறு என்று பார்க்க இறங்குபவர்தான் விழுவார். நம் ஆட்கள் விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பார்கள். ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால் விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் விளக்கு நின்று எரியும். பெற்றோல் ஆவி இருந்தால் அந்த விளக்கே கிணற்றைப் பற்றவைத்துவிடும். பம்பை மேலே வைக்க முடியாத ஆழம் என்றால், கரண்டில் ஓடும் நீர்மூழ்கி பம்பை வாடகைக்கு எடுத்து இறக்குங்கள். எஞ்சின் பம்ப் ஓடிய கிணற்றுக்குள் அன்றைக்கு யாரையும் இறக்க வேண்டாம். மறுநாள் இறங்குவதானாலும், இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடிக்க மேலே இரண்டு பேரை நிறுத்திய பிறகே முதல் படியில் கால் வையுங்கள்.