அப்ரண்டிஸ்: ஒரு சொல்லும் ஆறு ஆண்டுகளும்

ரயில்வே பணிமனை விளம்பரங்களில் நாம் பார்க்கும் 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லுக்குத் 'தொழில் பழகுநர்' என்பது அரசு வழக்கில் நிலைத்துவிட்ட தமிழ். நல்ல ஆக்கம். 'பற்றிக்கொள்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையொன்று பிரெஞ்சில் 'கற்றுக்கொள்' என்றாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, சொல்லின் உயிர் கற்றல்.

1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டனின் கரீபியக் காலனிகளில் அந்த உயிரை எடுத்துவிட்டார்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்த நாள் அது. ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் உடனடி விடுதலை. மற்றவர்களுக்குப் பெயர்தான் மாறியது. நேற்றுவரை அடிமை, இன்று 'அப்ரண்டிஸ்'. தோட்டத்தில் உழைத்தவர்கள் 6 ஆண்டுகள், மற்ற வேலை செய்தவர்கள் 4 ஆண்டுகள், பழைய எசமானிடமே இருக்க வேண்டும். தோட்டத்தில் உழைத்தவர்கள் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பல் முளைத்த நாளிலிருந்து கரும்போடு வளர்ந்தவருக்குக் கரும்பு வெட்டுவதில் இன்னும் என்ன பாடம்? எழுத்துக் கற்றவர்களும் தோட்டத்தில் கற்கவில்லை; மிஷனரிகளின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளிலும் இரவுப் பள்ளிகளிலும் கற்றார்கள். ஜமைக்காவில் பணிய மறுத்தவர்களைச் சிறைக்கூடத்து மிதிசக்கரத்தில், அதாவது ஓயாமல் காலால் மிதித்துச் சுழற்ற வேண்டிய தண்டனைச் சக்கரத்தில், ஏற்றினார்கள். இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுன் அடிமை உரிமையாளர்களுக்கே போனது.

இந்தப் பெயர்ச்சூதில் எல்லோரும் ஏமாந்துவிடவில்லை. திரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அன்றே மக்கள் ஆளுநர் மாளிகை முன் திரண்டு, 'ஆறு ஆண்டு வேண்டாம்' என்று பிரெஞ்சில் முழங்கினார்கள். 'அப்ரண்டிஸ்' பிறந்ததும் அந்த மொழியில்தானே! ஆண்டிகுவா இந்த ஏற்பாட்டை ஏற்காமல் நேரடியாக விடுதலை வழங்கியது. மற்ற பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் 1838 ஆகஸ்ட் 1 அன்று, ஆறு ஆண்டுத் தவணைக்கு முன்பே, அது முடிவுக்கு வந்தது.

இந்த வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர் எந்தச் சொல்லை எடுப்பது? 'ஊதியமில்லாத் தொழிலாளி' என்று உண்மையைப் போட்டு உடைக்கலாம். ஆனால் சட்டம் சொன்ன பொய் அதில் மறைந்துபோகும். 'பழகுநர்' என்று மேற்கோள் குறிக்குள் எழுதுவதே சரி என்பது என் கட்சி. தமிழில் 'பழகு' கலை கற்பதையும் குறிக்கும்; காளை நுகத்துக்குப் பழகுவதையும் குறிக்கும். தோட்ட முதலாளிகள் விரும்பியது இரண்டாவதை. சிலர் எழுதும் 'பயிற்சியாளர்' மட்டும் வேண்டாம். அது பயிற்சி கொடுப்பவர் என்றே இன்று படிக்கப்படும்.