பொறியியல் கலந்தாய்வு: தரவரிசைக்கும் கல்லூரி வாசலுக்கும் இடைப்பட்ட நாள்கள்

பிளஸ் 2 மதிப்பெண் வந்துவிட்டது, விண்ணப்பமும் போட்டாயிற்று. இனி இடம் கிடைக்குமா என்ற ஒரே கேள்வியோடு வீடே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில், அதாவது டி.என்.இ.ஏ.வில், இந்தக் காத்திருப்பு மாதக் கணக்கில் நீளும். மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. ஆனால் தரவரிசைப் பட்டியலைச் சரிபார்ப்பது, விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது, ஒதுக்கீட்டை உறுதிசெய்து பணம் கட்டுவது ஆகிய மூன்றும் மாணவர் கையில்தான் இருக்கின்றன. நல்ல கட்-ஆஃப் இருந்தும் இடத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

தரவரிசையைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணான கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100 அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 92 + 44 + 45 = 181. சி.பி.எஸ்.இ. போன்ற பிற வாரிய மாணவர்களுக்கு அந்த வாரியத்தின் முதல் மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக வைத்து, மற்ற மதிப்பெண்களை அதே விகிதத்தில் மாற்றுவார்கள். அதனால் அவர்கள் வீட்டில் போட்ட கணக்கும் பட்டியலில் வரும் எண்ணும் சற்று மாறலாம். அது தவறு அல்ல.

ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதி வரை எல்லாமே ஒன்றாக இருந்தால்தான், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண் கணக்கில் வரும். அதில் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. ரேண்டம் எண் சிறியதாக வந்துவிட்டதே என்று உறக்கம் கெடத் தேவையில்லை. மிகச் சிலருக்குத்தான் அது பயன்படுகிறது.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொதுத் தரவரிசையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதன் கீழே சமூகப் பிரிவுத் தரவரிசை இருக்கும். சாதிச் சான்றில் ஏதோ குறை இருந்து ஏற்கப்படாமல் போயிருந்தால், பி.சி. அல்லது எம்.பி.சி. மாணவர் ஓ.சி. என்று மட்டும் பட்டியலில் நிற்பார். 69 சதவீத இடஒதுக்கீட்டில் தன் பங்கை அவர் இழக்கிறார் என்று பொருள். முதல் தலைமுறைப் பட்டதாரி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆகிய குறிப்புகளையும் பாருங்கள். குறை சொல்லச் சில நாள்களே தருவார்கள். அதற்குள் அசல் சான்றோடு அருகிலுள்ள சேர்க்கைச் சேவை மையத்துக்குப் போய்விட வேண்டும். கலந்தாய்வு தொடங்கிவிட்டால் திருத்துவது மிகக் கடினம்.

பொதுக் கலந்தாய்வு தரவரிசைப்படி சுற்றுகளாக நடக்கும். உங்கள் சுற்று வரும்போது சில நாள்களுக்கு விருப்பப் பட்டியலை நிரப்பலாம். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கம்ப்யூட்டர் முதல் தரவரிசையிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். பொதுப் பிரிவிலோ அவருடைய சமூகப் பிரிவிலோ இடம் இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதலில் போட்டால் எந்த நஷ்டமும் இல்லை. அங்கே இடம் இல்லையென்றால் இரண்டாவதைப் பார்க்கும், அவ்வளவுதான். மாறாக, "இதுதான் நமக்கு வரும்" என்று சுமாரான ஒன்றை மேலே வைத்தால், அதைவிட நல்லது காலியாக இருந்தாலும் அந்தச் சுமாரானதே வரும். எனவே வரிசை ஆசைப்படி இருக்கட்டும், நீளம் பாதுகாப்புக்காக இருக்கட்டும். பத்தே பத்து போட்டுவிட்டு உட்கார்வதுதான் ஆபத்து.

போன ஆண்டு ஒரு கல்லூரியில் ஒரு பிரிவு எங்கே முடிந்தது என்று பார்க்கும்போது கட்-ஆஃபை விடத் தரவரிசையை ஒப்பிடுங்கள். கேள்வித்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 180 கட்-ஆஃப் பல ஆயிரம் இடம் பின்னுக்குப் போய்விடும்.

குறியீட்டில் கவனம் வேண்டும். கல்லூரிக்கு ஓர் எண், பாடப்பிரிவுக்கு இரண்டெழுத்து. கிண்டி பொறியியல் கல்லூரி 1, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006. பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறும் கல்லூரிகள் பல உண்டு. எக்ஸ்.எம்., எக்ஸ்.சி. என்றால் தமிழ்வழி மெக்கானிக்கல், தமிழ்வழி சிவில். பி.எஸ்.ஜி., மதுரை தியாகராஜர் போன்ற இடங்களில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்தே இருக்கின்றன. கட்டணம் வேறு, குறியீடு வேறு. பட்டியலை முதலில் ஒரு தாளில் எழுதி, ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க மற்றவர் திரையில் சரிபார்ப்பது நல்ல வழக்கம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகுதான் உண்மையான பதற்றம். இரண்டு நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இருபது விருப்பம் போட்டவருக்கு நான்காவது கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்தி என்றால் "ஏற்றுச் சேர்கிறேன்" என்று கொடுக்கலாம். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ள மூன்றில் ஒன்று காலியானால் வேண்டும் என்றால் "ஏற்று, மேல்நோக்கி நகர்வு". இதில் ஒன்று முதல் மூன்று வரை மட்டுமே பார்ப்பார்கள். ஐந்து முதல் இருபது வரை அத்தோடு முடிந்தது. மேலே கிடைத்துவிட்டால் நான்காவது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே மனசுக்கு முழுச் சம்மதம் இல்லாத கல்லூரி மேலே இருந்தால் இந்த வழி வேண்டாம். "மறுத்து, மேல்நோக்கி நகர்வு" கொடுப்பவர் நான்காவதை விட்டுவிடுகிறார். மேலே எதுவும் திறக்காவிட்டால் அந்தச் சுற்றில் கை வெறுமை. "மறுத்து அடுத்த சுற்று" என்பவர் மிச்சம் இருக்கும் இடங்களில் மறுபடி விருப்பம் போடுவார். கடைசி வழி, கலந்தாய்விலிருந்தே விலகுவது. பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் இரண்டில் ஒன்றே பொருந்தும். எதையுமே அழுத்தாமல் விட்டால் ஒதுக்கிய இடம் போய்விடும்.

உறுதி செய்தால் மட்டும் போதாது. முன்பெல்லாம் இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு மருத்துவத்துக்குப் போனவர்களால் நல்ல கல்லூரிகளிலேயே இடங்கள் காலியாகக் கிடந்தன. அதனால் 2022 முதல் விதி மாறியது. "ஏற்றுச் சேர்கிறேன்" என்றவர் குறித்த நாளுக்குள் கல்லூரிக்கே போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். "ஏற்று, மேல்நோக்கி" என்றவர் அதே கெடுவுக்குள் சேவை மையத்தில் கட்ட வேண்டும். தவறினால் இடம் ரத்தாகி, மேல்நோக்கிக் காத்திருப்பவருக்குப் போகும். கெடு ஒரு வாரத்துக்குள்தான் இருக்கும். சரியான தேதியை அந்த ஆண்டுக் கால அட்டவணையில் பார்த்துக் காலண்டரில் வட்டம் போடுங்கள். பணத்தை முன்கூட்டியே புரட்டி வைக்க வேண்டும். நகையை அடகு வைப்பதாக இருந்தாலும் வங்கி விடுமுறையைக் கணக்கில் கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண்ணை இந்த நாள்களில் மாற்றக் கூடாது, ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஆனால் 7.5 சதவீதத்தில் சேர்ந்தால்தான் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். பொதுவில் சற்றுப் பெயர்பெற்ற கல்லூரி கிடைக்கிறது என்று தாவுவதற்கு முன் நான்கு ஆண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே. காத்திருக்கும் பயத்தில், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டினால் அந்தச் சலுகை கிடையாது. இது ஒவ்வோர் ஆண்டும் ஏழைக் குடும்பங்களை அடிக்கும் தவறு என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

எந்தச் சுற்றிலும் கிடைக்காதவர்களுக்கும், பிளஸ் 2 துணைத் தேர்வில் தேறியவர்களுக்கும் பிறகு துணைக் கலந்தாய்வு உண்டு. அதற்குத் தனியே பதிவு செய்ய வேண்டும்.

சேர்ந்த பிறகு வேறு படிப்பு கிடைத்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. குறிக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்துமூலம் விலகுங்கள். அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் அதற்கு உரிமை இல்லை. விலகல் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.