ஹாப்சன்ஸ் சாய்ஸ்: மாற்றில்லாத் தெரிவு

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்னும் ஆங்கில மரபுத்தொடரைத் தமிழில் 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று சிலர் பெயர்ப்பதுண்டு. அது பொருந்தாது. அகநானூற்றுக் காலம் தொட்டு நாம் அறிந்த அந்த எறும்புக்கு இரு பக்கமும் நெருப்பு. ஹாப்சன் காட்டுவதோ ஒன்றே ஒன்று. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் வெறுங்கையோடு திரும்பலாம்.

தாமஸ் ஹாப்சன் கற்பனை ஆள் அல்லர். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே கடிதங்களையும் சரக்குகளையும் வண்டியில் ஏற்றிச் சென்ற அவர், பல்கலைக்கழக மாணவர்களுக்குக் குதிரைகளை வாடகைக்கும் விட்டுவந்தார். லாயத்தில் நாற்பது குதிரைகள் நின்றனவென்று 1712-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழ் எழுதியது. மாணவர்கள் வேகமான குதிரைகளையே கேட்டு வாங்கி, அவை நுரைதள்ளும் அளவுக்கு விரட்டியதால், வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையைத்தான் ஓட்டிச்செல்ல வேண்டும், இல்லையேல் குதிரையே கிடையாது என்று அவர் விதி வகுத்தார். திரும்பி வந்த குதிரை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அதற்கு ஓய்வும் கிடைத்துவிடும். வாடிக்கையாளருக்குக் கடுப்பாக இருந்தாலும், குதிரைகளின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான். கொள்ளைநோய் பரவியதால் லண்டன் பயணம் தடைப்பட்டிருந்த வேளையில், 1631-இன் முதல் நாளில் ஹாப்சன் இறந்தார். அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த கவிஞர் மில்டன், ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவரை ஓரிடத்தில் நிற்கவைத்த பிறகே எமனால் பிடிக்க முடிந்தது என்னும் பொருள்படக் கேலி இழையோடும் இரங்கற்பாக்களை எழுதினார்.

விருப்பத்தைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டுமே நீட்டும் இடங்களிலெல்லாம் இத்தொடர் பொருந்தும். கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்திலும் கார் வாங்கலாம் என்று ஹென்றி ஃபோர்ட் சொன்னதும், "என்ன சாப்பிடுறீங்க?" என்று பணிவாகக் கேட்டபின் "உப்புமா மட்டும்தான் இருக்கு" என்று உணவகத்தில் சொல்வதும் இந்த வகையே.

'வேறு வழியில்லை' என்று எழுதினால் கட்டாயம் புலப்படும். தெரிவு இருப்பதுபோன்ற அந்தப் பாவனை விடுபட்டுவிடும். 'கண்துடைப்பு' என்றாலோ ஏமாற்றும் நோக்கம் ஏறிவிடும். ஹாப்சனோ எதையும் மறைக்காமல் வாசலிலேயே சொல்லிவிட்டவர். ஆகவே எழுத்துநடையில் 'மாற்றில்லாத் தெரிவு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். பேச்சில் அதுகூடத் தேவையில்லை. "இருக்கிறது இதுதான், வேணும்னா எடு, வேணாம்னா விடு" என்பதே போதும்.